பிரிபடாத பாகம்

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குபவரின் கிரயப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்றொரு சொற்றொடர் தவறாமல் இடம்பெறும். கட்டடம் நிற்கும் மனையில் இன்ன மூலை இன்னாருடையது என்று எவரும் அளந்து காட்ட இயலாதபடி, எல்லா உரிமையாளருக்கும் சேர்த்தே எழுதப்படும் நிலப்பங்கை அது குறிக்கிறது. மாடிப்படி, லிஃப்ட், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப், மொட்டைமாடி ஆகியவையும் இவ்வாறு பொதுவில் கிடப்பவையே. பத்திரம் பதிவான மறுநாளே வாங்கியவரின் எண்ணத்தில் கதவுக்கு உட்பட்ட வீடு மட்டும் தங்கி, கதவுக்கு வெளியே உள்ள பங்கு மறைந்துபோகிறது. அது மறுபடி நினைவுக்கு வருவது பெரும்பாலும் மோட்டார் எரிந்துபோன நாளில்தான். மறக்கப்படும் அந்தப் பங்கை ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருப்பதே குடியிருப்போர் நலச்சங்கத்தின் அடிப்படை வேலை. ஒரு குடியிருப்பில் 'நாம்' என்னும் உணர்வு தோன்றுவதும் தோன்றாமற்போவதும் அந்த வேலை எவ்வளவு நேர்மையாக நடக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சட்டம் இதில் ஓரளவுக்கே துணைசெய்யும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கூடி, நோக்கங்களையும் விதிகளையும் எழுதி ஒப்பமிட்டுப் பதிவுசெய்தால் சங்கம் பிறந்துவிடுகிறது. அடுக்குமாடி உடைமைக்கென்றே 1994இல் வந்த தனிச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும் என்று அது வழிசெய்கிறது. லிஃப்டின் பராமரிப்புச் செலவில் கூட ஒன்றுபட முடியாத ஒரு குடியிருப்பில் அந்த மூன்றில் இரண்டு பங்கு எங்கிருந்து வரும் என்பது சட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி.

சமூக உணர்வு என்றவுடன் பொங்கல் விழா, கோலப்போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம், குழந்தைகளின் நடனம் ஆகியவையே பலருக்கு நினைவில் எழுகின்றன. இவை வேண்டாதவை அல்ல. ஒரே லிஃப்டில் மூன்று ஆண்டுகள் முகம் பார்க்காமல் ஏறி இறங்கியவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டறிவது இத்தகைய நாளில்தான். ஆனால் விழாவில் உண்டான நெருக்கம் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தைத் தாங்குவதில்லை என்பதையும் சங்கப் பொறுப்பில் இருந்தவர்கள் அறிவார்கள். ஒன்றாகச் சர்க்கரைப் பொங்கல் உண்டவர்களைவிட, ஒன்றாகத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களிடையே உறவு ஆழமாகப் பதிகிறது.

தண்ணீர்க் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியக் குடிநீர்த் திட்டங்களில் கையாளப்படும் அளவுகோல். வீட்டுக்கு நால்வராக 24 வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு அக்கணக்கில் நாளொன்றுக்கு 12,960 லிட்டர் வேண்டும்; 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுதாக வந்து இறங்கினாலும் ஒரு நாள் தேவை நிறையாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, லாரிக்கு முன்பதிவு செய்து நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தபோது இந்தக் கணக்கு நகரின் ஒவ்வொரு சம்பின் மீதும் எழுதியதுபோல் நின்றது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போடுவது என்று சங்கம் முடிவுசெய்தால், மூன்றாம் மாடியில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுப் பெரிய டிரம்மில் பிடித்துவைப்பது முதல் மாடிக்காரரின் குளியலை நேராகக் குறைக்கிறது. அன்றாட வாழ்வில் கண்ணுக்குத் தெரியாத பிரிபடாத பாகம் அங்கே தொட்டியின் அடியில், எஞ்சிய ஒரு சாண் தண்ணீராகத் தெரிகிறது. அந்த நிலையில் முறை வகுத்து, அதை எல்லாரும் பார்க்கும்படி நடத்தி, மீறியவரிடம் முதலில் தனியாகவும் பிறகு கூட்டத்திலும் பேசிச் சமாளித்த சங்கங்களில் மழை வந்த பின்பும் ஒரு பிணைப்பு தங்கியது. அவ்வாறு செய்யாத இடங்களில் தங்கியது மனத்தாங்கல்.

பொதுவளம், அதாவது பலர் பயன்படுத்துவதும் ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைவதும் எவரையும் எளிதில் விலக்க முடியாததுமான வளம், அழியாமல் இருப்பது எப்படி என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவரே. மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி கடற்பரப்பு ஆகியவற்றைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, தவறுக்கேற்றபடி தண்டனையைப் படிப்படியாக உயர்த்திய இடங்களில் வளம் நிலைத்தது என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. வாய்க்காலுக்குச் சொன்னது சம்புக்கும் பொருந்தாமல் போகாது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சான்று கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பானையில் இட்ட ஓலைகளிலிருந்து சிறுவனைக் கொண்டு எடுக்கச்செய்த அம்முறை பள்ளிப்பாடம் வரை பேசப்படுகிறது. குறைவாகப் பேசப்படுவது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்னும் விதி. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரையும் விலக்கினார்கள். இன்றைய சங்கங்களில் ஒரே செயலாளர் பத்தாண்டுகள் தொடர்வதும், 'வேறு யார் வருகிறார்கள்?' என்று அவரே சலித்துக்கொள்வதும் அக்கல்வெட்டை எழுதியவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

கணக்கைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் நம்பிக்கை எனப்படுவது நடைமுறையில் அதுதான். தரைத்தள வீட்டுக்காரர் தாம் ஏறாத லிஃப்டுக்கு ஏன் பணம் கட்டவேண்டும் என்று கேட்கிறார். பெரிய வீட்டுக்குச் சதுர அடிப்படி கூடுதல் தொகை என்றால் தனியாக வாழும் முதியவர் ஐந்து பேர் குடும்பத்தைவிட அதிகம் கட்ட நேர்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வைத்தால் சிறிய வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். முழு நியாயமான கணக்கு என்று ஒன்று இவ்விடத்தில் கிடையாது. எல்லாருக்கும் சிறிது மனக்குறை தந்து, எவருக்கும் ஐயம் தராத கணக்குதான் இருக்கமுடியும். மாதத்தின் முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையில், காவலாளி சம்பளம் இவ்வளவு, பொது மின்கட்டணம் இவ்வளவு, லாரித் தண்ணீர் இத்தனை நடை, பாக்கி வைத்துள்ள வீடுகள் இவை என்று ஒரு தாள் ஒட்டப்படும் குடியிருப்பில் சண்டைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை தொகையைப் பற்றியவையாக நின்று, ஆளைப் பற்றியவையாக மாறுவது அரிது.

அரசுக் குடியிருப்புகளின் நிலை வேறு. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கட்டிய வீடுகளுக்கு ஆற்றங்கரைகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள் பழைய தெருவின் அண்டை அயலை அப்படியே கொண்டுவர முடியவில்லை. கைமாற்றுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் இருந்த ஆட்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறிப்போனார்கள். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்னும் திட்டத்தின்கீழ் அங்கே சங்கங்கள் அமைத்து, குடியிருப்போர் கட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்களிக்கிறது. வேலை தேடி நகருக்குள் நெடுந்தூரம் சென்று இரவில் திரும்புபவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுமுன், அவர் இழந்த அயலாரைப் பற்றியும் சிறிது பேசவேண்டும் என்று தோன்றுகிறது.

உள்ளே இருப்பவர்களை இணைக்கும் உணர்வே வெளியே நிற்பவர்களை வரையறுத்தும் விடுகிறது. உத்திரமேரூரில் வாரியத்துக்குத் தகுதி பெறக் கால் வேலி இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டியிருந்தன. இன்றும் பல சங்கங்களில் உரிமையாளரே உறுப்பினர். வாடகைக்குக் குடியிருப்பவர் கூட்டத்தில் பின்வரிசையில் அமரலாம், கைதூக்க முடியாது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பலகை வைத்த குடியிருப்புகளும், தனியாக வாழும் இளைஞருக்கு வீடு விடக்கூடாது என்று தீர்மானம் போட்ட சங்கங்களும் தங்களை ஒற்றுமையானவை என்றே கருதுகின்றன. இது ஒற்றுமையின் குறைபாடு என்பதைவிட, நிலத்தின் பங்கை மட்டும் எண்ணி, அங்கே வாழ்வோரை எண்ணாமல் விட்டதன் விளைவு என்பதே பொருத்தம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, மாதந்தோறும் பராமரிப்புத் தொகையைக் கட்டுபவரும், மோட்டார் ஓடவில்லை என்று முதலில் கவனிப்பவரும், மாடியில் கொடி கட்டித் துணி உலர்த்துபவரும் வாடகைதாரர். ரசீதுப் புத்தகத்தில் பொருளாளர் எழுதுவது உரிமையாளரின் பெயர். அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், சிலர் மட்டும் மற்றொரு பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள்.