இராத்தங்கும் விருந்தும் இல்லத்தின் ஆயத்தமும்

விருந்தென்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியராய் வந்தாரை விருந்தென வழங்குதல் அதன்வழி வந்தது. திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் விருந்தினரை முன் அறிமுகமுடையராய் வருவாரும் அஃதின்றி வருவாரும் என இருவகைப்படுத்தினர். இவ்விருவகையாருள்ளும் ஒருவேளை உண்டு செல்வாரை உபசரித்தல் எளிது. இராத்தங்குவாரை உபசரித்தல் அரிது. அஃதென்னையெனின், உண்டு செல்பவர் வீட்டின் முகப்பை மாத்திரங் காண்கின்றார். இராத்தங்குபவரோ கிணற்றடியையும் அடுக்களையையும் காண்கின்றார். விடியற்காலத்திலே வீட்டார் ஒருவரையொருவர் விளிக்குங் குரலையுங் கேட்கின்றார்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆண்டுதோறும் 25 நாள் நடைபெறுவது. 24ஆம் நாள் தேரும் 25ஆம் நாள் தீர்த்தமும் நெருங்கும்போது யாழ்ப்பாணத்திலே விருந்தினரை எதிர்பாராத வீடு மிகச் சில. முற்றம் பெருக்கப்படுகின்றது, சுவர் வெள்ளையடிக்கப்படுகின்றது, மச்சஞ் சமைத்த சட்டிகள் ஒதுக்கப்படுகின்றன, பெட்டகத்திலே கிடந்த விரிப்புக்கள் வெயில் காண்கின்றன. ஆண்டின் மற்றை நாட்களில் இல்லாத ஒழுங்கை இச்சில நாளுக்கு மாத்திரம் உண்டாக்கிக் காட்டுதல் ஒருவகைப் பொய்யன்றோ? உள்ளதை உள்ளபடி காட்டுதலன்றோ வாய்மை? இவ்வாறு வினாவுவாரும் உளர்.

இவ்வினாவைத் தள்ளிவிடுதல் கூடாது; முற்றாக ஒப்புதலுங் கூடாது. நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது நாம் குரலைத் தாழ்த்திப் பேசுகின்றோம். அது நமது இயல்பான குரலன்று. ஆயினும் அதனைப் பொய்யென்று ஒருவருஞ் சொல்லார். பிறர் வருந்தாமைப்பொருட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளுதல் வேறு. பிறர் மதித்தற்பொருட்டுத் தன்னை மறைத்துக்கொள்ளுதல் வேறு. இரண்டும் ஒரே தும்புத்தடியினாலே செய்யப்படுதலால், செய்பவர்க்கே சிலபோது வேற்றுமை புலப்படுவதில்லை. அதனை அறிதற்கு ஓர் எளிய வழியுண்டு. வந்தவர் நடுச்சாமத்திலே இருளில் எழுந்திருக்கும்பொழுது, நாம் செய்த ஆயத்தங்களுள் எது அவர்க்கு உதவுகின்றது என்று நோக்குக.

அந்நேரத்திலே சுவரின் வெண்மை தோன்றாது. மலசலகூடத்துக்குச் செல்லும் வழியிலே ஒரு படி தாழ்ந்திருக்குமாயின், வீட்டாருடைய கால் அதனை அறியும்; புதியவருடைய கால் அறியாது. அங்கே சிறு விளக்கொன்று எரிதல் வேண்டும். முழங்கால் மடிக்கமாட்டாத முதியவர்க்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடியோ, அதுவுமில்லையாயின் பாரமான கதிரையொன்றோ வேண்டும். தலைமாட்டிலே கொதித்தாறிய தண்ணீர் மூடப்பட்டிருத்தல் வேண்டும். நுளம்புவலையிலே கிழிசல் உண்டோ என்று முதல்நாளே பார்த்தல் வேண்டும். மேசைமேல் அழகுக்காக வைத்த பூச்சாடியின் நீரை ஒரு கிழமை மாற்றாது விட்டால் டெங்கு நுளம்பு அதிலேயே பெருகும் என்பதையும் இவ்விடத்திலே சொல்லுதல் தகும். கண்ணுக்கென வைத்த பொருள் உடம்புக்குப் பகையாதற்கு இதனிலும் நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

நீரிழிவுள்ளவர் ஒருவர் வருவாராயின், அவர் உண்ணும் நேரத்தை வருமுன்னரே கேட்டறிதல் வேண்டும். பூசை முடியுமட்டும் வீட்டார் உண்ணாதிருத்தலைக் கண்டு, தாமும் வாய்திறவாதிருந்து மயங்கி விழும் முதியோர் உளர். திறவாத இன்சுலின் குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரிலே வைக்கப்படவேண்டியது. அதற்குக் குளிர்சாதனப்பெட்டியிலே இடம் உண்டென்று நாமே முந்திச் சொல்லுதல் நன்று. கருத்துவிசாரஞ் செய்யப் புகுந்த இடத்திலே கதிரையும் குப்பியும் எதற்கு என்று நகைப்பார் நகைக்க. அயலார் வீட்டிலே ஒரு பொருளைக் கேட்டுப் பெறுதல் மானமுடையார்க்கு எத்துணை அரிதென்பதை அறிந்தவர் நகையார். கேளாமலே கிடைக்கும்படி வைத்தலே ஆயத்தமெனப்படுவது.

இனி, வீட்டிலே இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழே தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. திருவிழா வருங்காலமோ கிணறு தாழும் வரட்சிக்காலம். அயலூரிலிருந்து வந்த பிள்ளைகள் இதனை அறியாது குழாயைத் திறந்துவிட்டிருப்பர். வீட்டுக்காரர் உள்ளே வெந்து வெளியே சிரிப்பர். அச்சிரிப்பே பொய். வந்த அன்றே, "தண்ணீர் குறைவு, இத்தனை வாளியிலே குளித்தால் எல்லார்க்கும் போதும்" என்று முகமலர்ந்து சொல்லிவிடுதல் உபசாரத்துக்குக் குறைவன்று.

ஆயினும் இவையெல்லாம் சிறியன. பெரிதாக நோக்கத்தக்கது வேறொன்று. இக்காலத்திலே ஒரே வீட்டுக்கு ஒரே திருவிழாவிலே கனடாவிலிருந்து ஒரு தமையனும் கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கையும் வருகின்றனர். தமையனுக்காக அறை வர்ணம் பூசப்படுகின்றது. குளியலறைக்குப் புதுக்கல் பதிக்கப்படுகின்றது. அதன்பொருட்டு மனைவியினுடைய காப்பு அடைவுக்குப் போதலும் உண்டு. தங்கையும் அவளுடைய பிள்ளைகளும் விறாந்தையிலே பாய் விரித்துக்கொள்கின்றார்கள். மறுநாட்காலையிலே அவளே அடுக்களையிலே தேங்காய் துருவிக்கொண்டிருக்கக் காண்கின்றோம். அவள் நம்மவள்தானே, அவளுக்கு என்ன உபசாரம் என்பர். நம்மவள் என்னும் சொல் அன்பினாலே வந்ததாயின் தமையனுக்கும் பொருந்தவேண்டும். அவனுக்குப் பொருந்தாது அவளுக்கு மாத்திரம் பொருந்துவதாயின், அது அவளுடைய வறுமைக்கு இட்ட வேறு பெயரேயாம். தமையனும் இதனால் இன்பமடைகின்றானென்று எண்ணவேண்டா. தான் பிறந்த வீட்டிலே தனக்காகக் கடன் ஏறியிருக்கின்றதென்று தெரிந்தபின், அக்குளியலறையிலே அவன் எப்படி மனமமைந்து குளிப்பான்?

சேக்கிழார் சொல்லும் இளையான்குடிமாற நாயனார் சரித்திரத்தை இங்கே நினைத்தல் தகும். செல்வம் முழுதும் ஒழிந்து வறுமையெய்திய காலத்திலே, மழைபெய்யும் இராத்திரியிலே, பசியோடு ஓரடியார் வந்தார். வீட்டிலே ஒன்றுமில்லை. அன்று பகல் விதைத்த நெல்முளையை வாரிவந்தால் அமுதாக்கலாம் என்று வழிசொன்னவர் மனைவியார். நாயனார் இருளிலே காலினால் வழிதடவிச் சென்று அதனைக் கொண்டுவந்தார். வீட்டுக்கூரையின் கம்புகளையே அறுத்து விறகாக்கினார். குழிநிரம்பாத கீரையைப் பறித்துக் கொடுத்தார். அதனைப் பலவகைக் கறியாகச் சமைத்தவரும் மனைவியாரே. இச்சரித்திரத்தைப் பிரசங்கிப்போர் நாயனாருடைய கொடையை விரிப்பர். யோசனை அம்மையாருடையது என்பதைப் பெரும்பாலும் ஒருவரியிலே கடந்துபோவர். நமது வீடுகளிலும் அழைப்பவர் ஆடவர், ஆயத்தஞ் செய்பவர் பெண்டிராயிருத்தலின், அவ்வொருவரியை நிறுத்தி வாசித்தல் நலம். நாயனாரோ மழையிலே இறங்கி நடந்தார். விருந்தை அழைத்துவிட்டு விறாந்தையிலே பத்திரிகை விரித்திருப்பவர், ஒரு வாளி நீர் அள்ளாதவரையில், அவ்விருந்தைத் தம்முடையதென்று சொல்லிக்கொள்ளுதல் நியாயமாகாது.

முன்னோருடைய விருந்தோம்பலைப் புகழும்போது மறைக்கப்படும் செய்தியொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே சிலர் உள்ளே இருத்தப்பட்டனர். சிலர் திண்ணையளவிலே நிறுத்தப்பட்டனர். வேறு சிலர்க்கோ முற்றத்துக்கு அப்பால் இடமில்லை. தாழ்த்தப்பட்ட சாதியார்க்குத் தண்ணீர் கொடுக்கவென்று வேறு பாத்திரம் ஒதுக்கிவைத்தலும் வழக்கமாயிருந்தது. அதுவும் ஓர் ஆயத்தமே. வருவாரை இழிவுசெய்தற்கு அவர் வருமுன்னரே செய்துவைத்த ஆயத்தம். அதே நாட்டிலேதான் பருத்தித்துறைத் தெருமூடிமடமும் நிற்கின்றது. தெருவின்மேலே கூரை வேய்ந்து, இருபுறமும் வழிப்போக்கர் இருந்திளைப்பாறத் திண்ணையமைத்தவர்கள், அவ்வழியே நாளை வருபவர் யாரென்று அறியார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலையிலே தொடங்கி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் உள்ள வீட்டார்க்கு எவ்வித ஆயத்தமும் இருக்கவில்லை. வெள்ளையடிக்கவுமில்லை, விரிப்பு உலர்த்தவுமில்லை. ஒரு குடும்பத்துக்கென அமைந்த வீடுகளிலே பல குடும்பங்கள் தங்கின. அறையும் விறாந்தையும் மாட்டுக்கொட்டிலும் படுக்கையாயின. சில படலைகள் திறக்கப்படாமலும் இருந்தன. அதனையும் அக்காலத்தவர் மறந்திலர். திறந்த வீடுகளிலே இருந்து மறுவருடம் ஊர் திரும்பியோர் அவ்வீடுகளைப் பற்றிப் பேசும்போது, சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசுவதில்லை. தம் பிள்ளைக்கு முதலிலே யார் பால் கரைத்துக் கொடுத்தார் என்பதையே பேசுவர்.

தேருக்கு முந்திய இராத்திரி நல்லூரிலே சனம் பெருகி, ஊர்ப் பேருந்தைத் தவறவிடுவோர் எப்போதும் சிலர் உளர். எண்ணி எடுத்த பாய்களுக்குமேல் ஒரு பாயும் தலையணையும், விறாந்தையிலன்று, உள்ளே எடுத்துவைத்துப் பக்கத்திலே செம்பிலே தண்ணீரும் வைத்தபின் படலையைச் சாத்தலாம். ஒருவரும் வாராவிடின், காலையிலே சுருட்டிவைக்க அதிக நேரஞ் செல்லாது.