காற்றில் காசு பார்த்த ஊராட்சி



மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் காலையில் படகுகள் கரை திரும்பிக்கொண்டிருக்கும். கொஞ்சம் உள்ளே வந்தால் உப்பளம். வெயில் ஏறுவதற்குள் வாரிவிட வேண்டுமென்று விடியுமுன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கியிருப்பார்கள். பாத்தியில் தேக்கிய உப்புநீரை வெயிலும் காற்றும் வற்றவைக்க, பலகையால் இழுக்க இழுக்க வரப்போரம் வெள்ளைவெளேரென்று உப்பு குவியும். அந்த வெயிலுக்கும் காற்றுக்கும் யாரும் பில் போடுவதில்லை.

அந்தக் காற்றை வைத்து ஊராட்சிக் கணக்கையே நேராக்கப் பார்த்தார் ஒருவர். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரானவர் ஆர். சண்முகம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டியே ஊராட்சிப் பணம் கரைந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு நிலை வந்தால் வரியை ஏற்றுவார்கள். இல்லையென்றால் பாக்கி வைப்பார்கள். ஓடந்துறையில் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி, அதைக் கொண்டு மோட்டாரை ஓட்டினார்கள். 2006-ல், ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே ஊராட்சி நிறுவியது. காற்று நன்றாக வீசும் இடம் பார்த்து, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் அது நிற்கிறது. மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகும். ஊர்த் தேவை போக மிச்சத்துக்குக் காசு வரும்.

செலவில் பெரும்பகுதி வங்கிக் கடன். மீதி ஊராட்சியின் சேமிப்பு. யோசித்துப் பாருங்கள், கணக்கு நேராக இல்லாத ஊராட்சியை நம்பி எந்த வங்கி கோடி ரூபாய் கொடுக்கும்?

சுற்றுச்சூழல் என்றதும் ஊர்வலமும் முழக்கமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் ஓடந்துறையில் அது ஒரு கரண்ட் பில்லில் தொடங்கியது. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உட்காராத உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் தன் கைக்கெட்டிய கணக்கைப் புரட்டிப் பார்த்ததில் தொடங்கியது.

நம் ஊராட்சிக் கணக்கைப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தலைவரே, நம்ம ஊருக்குக் கரண்ட் பில் எவ்வளவு வருது?”