தம்பூரா மீட்டியவர் எங்கே?

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து இதனை எழுதுகின்றோம். காஞ்சித் தறியை அறிந்த நமக்குக் கணிப்பொறி முற்றிலும் அந்நியப் பொருளன்று. 1804இல் பிரான்சு நாட்டின் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை செய்யும் பொறியை அமைத்தார். பின்னர் இங்கிலாந்தின் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அவ்வட்டை முறையையே கடன் வாங்கினார்.

ஜக்கார்டு காஞ்சிக்கும் வந்தது. முன்பு அடை இழுத்துக் கொடுக்க நெசவாளரின் அருகே ஓர் உதவியாள் இருந்தார், அவ்விடம் காலியாயிற்று. தறியடியில் உதவிக்கு அமர்ந்தோருள் சிறுவர்களும் உண்டு. அத்தகைய பிள்ளையொருவன் விடுபட்டுப் பள்ளிக்குச் சென்றானெனில், அதற்காக நாம் வருந்தப் போவதில்லை.

இதே போன்றதோர் இடம் கருநாடக இசை மேடையிலும் காலியாகி வருகின்றது. பாடகரின் பின்னே தம்பூரா மீட்டுபவரின் இடம் அது. 1970களின் இறுதியில் பெங்களூரில், பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். இன்று கைபேசியே சுருதி கூட்டுகின்றது. தம்பூரா வாங்க வசதியற்ற மாணவனுக்கும் பிசகாத சுருதி கிடைத்திருக்கின்றது. இந்நன்மையை மறுப்பது நன்றியுடைமை ஆகாது.

ஆயினும், பாடகரின் பின்னே அமர்ந்தவர் பல வேளைகளில் அவருடைய மாணவரே. நான்கு தந்திகளையும் மீட்டியவாறே, ஆசிரியர் மூச்சு வாங்கும் இடத்தையும், பிசகிய சுரத்தைச் சீர் செய்யும் விதத்தையும் அருகிலிருந்து அவர் கற்றுக்கொண்டார். பெட்டி சுருதி தரும். ஆனால் அது எதையும் கேட்பதில்லை. நாளை எழுந்து பாடப் போவதுமில்லை.

இவ்விழப்பு மாணவரோடு நிற்பதன்று. மராட்டிய மாநிலத்து மீரஜ் நகரில் முஸ்லிம் கைவினைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரைக்குடுக்கையில் தம்பூரா செய்து வருகின்றன. 2024இல் மீரஜ் தம்பூராவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் மீட்டும் விரல்கள் இல்லையேல் அச்சிறப்பால் அக்குடும்பங்களின் அடுப்பு எரியுமா?

எனவே, இயந்திரம் நல்லதா தீயதா என்று வாதிடுவதில் பயனில்லை. அது எவரை இடம்விட்டு எழச் செய்தது, எழுந்தவர் எங்கே சென்றார் என்றே நாம் கேட்க வேண்டும். தறியடியிலிருந்து எழுந்த சிறுவனுக்குக் கிடைத்தது விடுதலை. மேடையிலிருந்து எழுந்த மாணவன் இழந்ததோ கல்வி. வீட்டுப் பயிற்சிக்குப் பெட்டி இருக்கட்டும். மேடையில் மாணவனுக்கு ஓர் இடம் இருக்கட்டும். அவ்விடத்தை வைத்திருப்பதும் விட்டுவிடுவதும் பெட்டியின் கையில் இல்லை. நம் கையில்தான் இருக்கின்றது.