அரைத்த கடிதங்கள்

பாகூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு காகிதக் கூடை இருக்கிறது. காய்ந்த மிளகாய் போட்டுவைக்க ஆயா செய்தது. பழைய பேப்பரை ரெண்டு நாள் ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் மையாக அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் காயவைப்பார். அப்போது பல வீடுகளில் நடந்த வேலைதான். ஆனால் இந்தக் கூடையில், தாத்தா இந்தோசீனாவிலிருந்து எழுதிய கடிதங்களும் சேர்ந்திருக்கின்றன. தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர்.

விஷயம் தெரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கத்திவிட்டேன். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கச் சொன்னவரே எழுத்தை அரைத்துவிட்டாரே! ஆயா நிதானமாகச் சொன்னார்: "அவரு எனக்கு எழுதுனது. நான் படிச்சிட்டேன். ஒனக்கு எதுக்கு?"

இத்தனை வருஷமாக அதற்குப் பதில் தேடுகிறேன். ஏடுகள் தீயிலும் ஆற்றிலும் போனதை உ.வே.சா. எழுதியதைப் படித்தவர்களுக்கு எழுத்து அழிவது என்றாலே வயிறு கலங்கும். ஆனால் அந்த ஏடுகளுக்கு வாசகர்கள் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. ஆயாவின் கடிதங்களுக்கு ஒரே வாசகர். அவர் படித்தும் முடித்துவிட்டார். கைப்பிரதிகளை எரிக்கச் சொன்ன காஃப்காவின் பேச்சை மாக்ஸ் பிராட் மீறினார், நமக்கு 'விசாரணை' கிடைத்தது. அந்த மீறலின் பலனை அனுபவிக்கிற நான் அதை நியாயம் என்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பேரன் என்பதாலேயே, கணவன் மனைவிக்கு எழுதியதில் எனக்குப் பாத்தியதை வந்துவிடுமா? வராது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அப்படியும் மனசு ஆறவில்லை. ஒரு காலனியின் ஆள் இன்னொரு காலனியை அடக்கப் போனார். அங்கே என்ன செய்தார் என்று கேட்க எங்களுக்கு வேறு இடமே கிடையாது. ஆயா எதையோ மறைத்தாரா, இல்லை வேலை முடிந்த தாள் என்றுதான் அரைத்தாரா? மறைத்திருந்தால், அது அவர் ஒருத்தருடைய கணக்கு மட்டும்தானா? அந்த ஊரில் செத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டே.

எங்கள் பக்கத்தில் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சூளையில் வெந்த மண் மறுபடி களிமண்ணாகாது. காகிதக்கூழ் அப்படியில்லை, தண்ணீர் பட்டால் திரும்பவும் கூழாகிவிடும். கூழாகும், கடிதமாகாது.

போன மழையில் பரண் ஒழுகிக் கூடையின் விளிம்பு நைந்துவிட்டது. பிய்ந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் இல்லை. பழைய நியூஸ்பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயத்தோடு மிக்ஸியில் அரைத்து அப்பினேன். ஆயா அளவுக்கு மையாக வரவில்லை.