பட்டுப்புழுவும் முதற்சீலமும்

மைசூரில் பட்டின் பெருமையை அறியாதார் இலர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912ஆம் ஆண்டு, இந்நகரில் தொடங்கப்பெற்ற பட்டு நெசவாலை இன்றும் இயங்கி வருகின்றது. நம்மவர் இல்லத் திருமணங்களிலும் பட்டுப்புடவை இன்றியமையாததாகிவிட்டது. ஆயின், உயிர்க்கொலை தவிர்ப்பதாக முதற்சீலம் ஏற்கும் நாம், அப்புடவையின் பிறப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மல்பெரி இலையைத் தின்று வளரும் புழு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகின்றது. பூச்சியாகித் துளைத்து வெளிவந்தால் இழை அறுபடுமாதலால், உள்ளிருக்கும் உயிரை வெப்பத்தால் முன்னரே மாய்த்துவிடுகின்றனர்.

விநயபிடகத்தில் இதுபற்றிய ஒரு செய்தி உண்டு. பிக்குகள் சிலர் பட்டுத் தொழிலாளரிடம் சென்று, விரிப்புச் செய்தற்பொருட்டுக் கூடுகளை வேகவைத்துத் தருமாறு கேட்டனர். மனைவி மக்களைக் காப்பாற்றச் சிற்றுயிர்களைக் கொல்ல நேர்ந்ததே எம் தீவினை. துறவிகளும் இதனைக் கேட்பதோ என்று அத்தொழிலாளர் மனம் நொந்தனர். பிக்குகளுக்குப் பட்டாடையை முற்றும் மறுக்காத பகவர், பட்டு கலந்த அவ்விரிப்பை விலக்கினார். அவர் கடிந்தது கேட்டவர்களையே, தொழிலாளரை அன்று.

அங்ஙனமாயின், புழுவைக் கொல்லாது, அது நூற்கும் முறையை மட்டும் நாம் கற்றுக்கொள்ளலாகாதா? பிரான்சு நாட்டுச் சார்தொனே என்பார், நுண்துளைகளின் வழியே கரைசலைச் செலுத்திச் செயற்கைப் பட்டிழை செய்து, 1889இல் பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தார். அது எளிதில் தீப்பற்றியது. 1892இல் இங்கிலாந்தில் விஸ்கோஸ் முறை தோன்றிற்று. புழு பிழைத்தது. ஆனால், மரக்கூழைக் கரைசலாக்கப் பயன்பட்ட கார்பன் டைசல்பைடு ஆவி, ஆலைத் தொழிலாளரின் நரம்புகளையும் மனத்தையும் கெடுத்தது. கோவை மாவட்டத்துச் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவால் பவானி ஆறு மாசுற்று, மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

புழுவின் தொழிலைக் கற்ற மனிதன், நஞ்சின்றி நூற்கும் அதன் இயல்பைக் கற்றானில்லை. புழுவின் துன்பத்தை ஏழைத் தொழிலாளியின்மேல் ஏற்றிவைப்பது அகிம்சை ஆகாது. நச்சாவியைத் தவிர்க்கும் முறைகள் இன்று உள்ளன. அவற்றைக் கையாளாது மலிவையே நாடினால், அக்குற்றத்தில் வாங்குவோராகிய நமக்கும் பங்குண்டு.

ஆதலால், பட்டு வளர்த்துப் பிழைப்போரை நாம் இகழ்தல் கூடாது. நம் விருப்பத்தையே முதலில் ஆராய்தல் வேண்டும். கைத்தறிப் பருத்தி உடுத்தி நடைபெறும் திருமணம் எவ்வகையிலும் குறைந்ததன்று. எப்புதிய இழை வரினும், இதற்காக எவ்வுயிர் மாய்ந்தது, எவர் உடல் நொந்தது என்று கேட்டபின்னரே அதனை ஏற்போமாக. சீலம் விகாரையோடு நின்றுவிடாமல் கடைவீதிக்கும் நம்முடன் வருதல் வேண்டும்.