மண்ணின் ஹக்கும் மனிதரின் ஹக்கும்

மேலப்பாளையத்தில் ஒரு ஜும்ஆ நாள். மரம் நடுவதன் சிறப்பைப் பற்றி நாம் பயான் செய்தோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ தின்பதெல்லாம் நட்டவருக்கு ஸதகாவாக ஆகிவிடும் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நன்மாராயம் கூறியதை எடுத்துரைத்தோம். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. ஹவுழின் ஓரத்தில் காத்திருந்த ஒரு பெரியவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். மாஞ்சோலை மலையில் பிறந்து, கொழுந்து எடுத்து, கவாத்து வெட்டியே காலத்தைக் கழித்து, முதுமையில் கீழே இறங்கியவர்.

"ஹஜ்ரத், மரம் வைக்கது நன்மைன்னு சொன்னீங்க. எங்க வாப்பா காலத்துல காட்டை வெட்டித்தான் தேயிலை வச்சாங்க. இப்ப தேயிலை வேண்டாம், காடுதான் வேணும்னு எங்களை இறக்கி விட்டாச்சு. அப்போ எங்க வாப்பாவும் நானும் இத்தனை வருசம் தின்னது பாவச் சோறா?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வார்த்தையில் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக் கூடிய கேள்வி அல்ல அது. அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, கிதாபுகளைப் புரட்டினோம். நமக்குப் புலப்பட்டதை வாசகர்கள் முன்னும் வைக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். 1929-ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன் தனது மலைக்காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காடு வெட்டப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. கீழேயிருந்த ஏழைகள் மலையேறினார்கள். லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வாழ்ந்தார்கள். ஜமீன் ஒழிந்தது, குத்தகை நின்றது. சுற்றியிருந்த காடுகள் 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயின. குத்தகை முடிய வேண்டிய ஆண்டு 2028. அதற்கு முன்பே, 2024-இல், கம்பெனி தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை முடித்துக்கொண்டது. தோட்டத்தை அரசாங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர் தரப்பில் கேட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. மலை மீண்டும் காடாக வேண்டும் என்பதே முடிவாயிற்று.

இந்த வரலாற்றை நம்மிடம் ஓதும் மாணவர்களிடம் சொன்னபோது, அவர்களில் ஒருவர் கூர்மையான வினா ஒன்றை எழுப்பினார். "ஃபிக்ஹில் இஹ்யாவுல் மவாத் என்று ஒரு பாடம் இருக்கிறதே! செத்துக் கிடக்கும் பூமியைப் பண்படுத்தியவருக்கு அதில் உரிமை உண்டு என்று படிக்கிறோம். அப்படியானால் காட்டைத் தோட்டமாக்கியதல்லவா பூமியை உயிர்ப்பித்தது? தோட்டத்தைக் காடாக்குவது அதைச் சாகடிப்பது ஆகாதா?"

நம்மில் பலரும் மனத்தளவில் இப்படித்தான் எண்ணுகிறோம். கலப்பை படாத நிலம் வீண் நிலம். கல்லாவுக்குப் பணம் வராத மரம் வீண் மரம். ஆனால் இமாம்கள் அப்படிச் சொல்லவில்லை. ஊரார் ஆடுமாடு மேய்க்கும் புறம்போக்கையும், விறகு எடுக்கும் இடத்தையும், ஊருக்குத் தேவையான மற்ற இடங்களையும் செத்த பூமி என்று யாரும் வளைத்துக்கொள்ள முடியாது என்று அவர்கள் வரம்பு கட்டினார்கள். கிணறு ஒன்று இருந்தால் அதைச் சுற்றிலும் அதற்கென்று ஓர் எல்லை உண்டு. அதற்கு ஹரீம் என்று பெயர். அந்த எல்லைக்குள் இன்னொருவர் கிணறு தோண்டி முதல் கிணற்றின் நீரைக் கெடுக்கக் கூடாது. ஊற்றுக்கு ஹரீம் 500 முழம் என்று ஹனஃபீ கிரந்தங்கள் அளவு சொல்கின்றன. அந்த நீருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே அதன் எல்லை என்பது ஷாஃபிஈ இமாம்களின் போக்கு.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக் கிணற்றுக்கே இந்த மரியாதை என்றால், பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிக்கு ஹரீம் எது? எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, காருக்கும் பிசானத்துக்கும் பாய்ந்து, இரண்டு மாவட்டத்து மக்களின் தாகம் தீர்க்கும் ஆற்றுக்கு எல்லை எது? மலை மேலுள்ள காடுதான். மாஞ்சோலைச் சரிவுகளின் தண்ணீர் மணிமுத்தாற்றில் இறங்கி, தாமிரபரணியில் வந்து சேருகிறது. காட்டில் விழும் மழை முதலில் இலையில் விழுகிறது. பிறகு சருகில் விழுகிறது. வேர்கள் இளக்கி வைத்த மண்ணில் மெல்ல இறங்குகிறது. அந்த மண் மழையை அமானத்தாக வாங்கி வைத்து, மழை நின்ற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. சருகும் வேரும் போய்விட்டால் மழை தங்குவதில்லை. மண்ணையும் கரைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. ஆகவே காடு செத்த பூமி அல்ல. பலரை வாழவைக்கும் பூமி அது. 1929-இல் நடந்தது அக்காலச் சட்டப்படியான குத்தகைதான். யாரையும் அபகரித்தவர் என்று நாம் பழி சொல்ல வரவில்லை. ஆனால் சட்டம் அனுமதித்ததாலேயே ஆற்றின் ஹக்கு இல்லாமல் போய்விடாது.

அந்த ஹக்கைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? கதவைப் பூட்டிவிட்டு வந்தால் காடு தானே வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கவாத்து வெட்டாத தேயிலை ஆளுயரம் தாண்டிப் புதராகிவிடும். அதனிடையே உண்ணிச்செடி ஏறிக்கொள்ளும். நிழலுக்கு வைத்த சவுக்குமரமும், விறகுக்கு வைத்த தைலமரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இம்மலையின் பிள்ளைகள் அல்ல. இம்மலைக்கு உரியவை வெடிப்பலா, நாங்கு போன்ற மரங்கள். வெடிப்பலாவை நம்பிச் சோலைமந்தி வாழ்கிறது. இருவாட்சிப் பறவை பழத்தைத் தின்று, விதையைத் தொலைவில் கொண்டுபோய் உதிர்க்கிறது. மரம் இல்லாவிட்டால் பறவை வராது. பறவை வராவிட்டால் விதை வராது. வால்பாறைப் பக்கம் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்ற அமைப்பினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையைச் செய்து வருகிறார்கள். காட்டு மரங்களின் விதையைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, களையை நீக்கி, பலவகைக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். சும்மா விட்ட இடத்தைவிட இப்படிப் பாடுபட்ட இடத்தில் காடு விரைவாகத் தேறுவதை அவர்களுடைய ஆய்வு காட்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது நமக்குத் தவ்பாவின் ஷர்த்துகள் நினைவுக்கு வந்தன. பாவத்தை விட்டு விலகுவது, செய்ததற்கு வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகிய மூன்றும் நாம் அறிந்தவை. பாவம் மனிதருடைய ஹக்கோடு சம்பந்தப்பட்டிருந்தால், உரியவருக்கு உரியதைக் கொடுப்பது நான்காவது ஷர்த்து. பூமியைச் சீர்திருத்துவதும் ஒரு சமுதாயத்தின் தவ்பாதான். வெறுமனே விலகிக்கொள்வது போதாது. திருப்பிக் கொடுக்க வேண்டும். மண்ணுக்கு அதன் மரத்தையும், மந்திக்கும் பறவைக்கும் அவற்றின் இரையையும் கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரியவரின் கேள்வி நம் கழுத்தைப் பிடிக்கிறது. அந்தக் கடனை யாருடைய பையிலிருந்து கொடுப்பது?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு சம்பவம் புகாரீ ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் பொது நன்மைக்காக ஒரு நிலத்தை ஹிமாவாக, அதாவது மற்றவர் மேய்க்கக் கூடாத காப்பு நிலமாக ஆக்கி, ஹுனைய் என்பவரை அதற்குப் பொறுப்பாளராக நியமித்தார்கள். அவரிடம் சொன்னார்கள்: சில ஒட்டகம், சில ஆடு மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விட்டுவிடு, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்களின் மந்தையையும் உஸ்மான் அவர்களின் மந்தையையும் விடாதே. அவர்களுடைய கால்நடை செத்தால் தோட்டமும் வயலும் அவர்களைத் தாங்கும். ஏழையின் கால்நடை செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான். அவனை நான் கைவிட முடியுமா? இதுவே அவர்கள் உரைத்ததன் கருத்து.

ஸஹாபாக்களில் தலைசிறந்த இருவரின் பெயரைச் சொல்லித் தடுத்தார்கள். பெயர் தெரியாத ஏழைக்கு வழிவிட்டார்கள். நிலத்தைக் காப்பது தவறு என்று அவர்கள் எண்ணவில்லை. காப்பதன் பாரம் யார் தோளில் ஏறுகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

நமது மலையில் பாரம் யார் தோளில் ஏறியது? 1999 ஜூலை 23-ஆம் நாள், கூலிக்காகவும் சிறைப்பட்ட தோழர்களுக்காகவும் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டார்கள். பெண்களும் ஒரு பச்சைக் குழந்தையும் அதில் அடக்கம். எந்த மலையில் அவர்கள் உழைத்தார்களோ, அந்த மலைத் தண்ணீரும் கலந்து ஓடும் ஆறு அது. அத்தகைய மக்களிடமே காட்டின் கடனையும் வசூலிப்பது நீதியாகுமா? லாபம் கண்டவர்கள் வேறு பலர். அந்தத் தேயிலையைக் குடித்தவர்களும், அந்த மலைநீரைக் குடிப்பவர்களும் நாம்தானே!

மறுவாரம் பெரியவர் வந்தார். நாம் சொன்னோம்: "நீங்கள் கூலிக்கு நேர்மையாக உழைத்தீர்கள். வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. உங்கள் சோறு ஹலாலான சோறு. காடு திரும்ப வேண்டும் என்பதும் ஹக்கு. உங்களுக்கு வீடும் பிழைப்பும் வேண்டும் என்பதும் ஹக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறித்தால் தவ்பா நிறைவேறாது."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலுமுக்குல எந்தச் சரிவுல எந்தக் கன்னு நிக்கும்னு எனக்குத் தெரியும் ஹஜ்ரத். கேக்கத்தான் ஆளு இல்ல" என்றார்.

நாம் கிதாபில் தேடிய மீதி விடை அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. தேயிலையை வளர்த்த கைகளுக்கே காட்டை வளர்க்கும் வேலையைத் தகுந்த ஊதியத்தோடு கொடுத்தால் இரண்டு ஹக்கும் ஒருசேர நிறைவேறும். அதிகாரம் உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகாரம் இல்லாத நமக்கும் கடமை உண்டு. நம் ஊர் வழியே ஓடும் பாளையங்கால்வாயில் குப்பையைக் கொட்டிக்கொண்டு மலைக்காட்டைப் பற்றிப் பேசுவது நமக்கு அழகல்ல. நம் மையவாடிகளில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலை வேரோடு எடுத்துவிட்டு, நாவலும் மருதும் புங்கும் இலுப்பையும் வைக்கலாம். மர்ஹூமான தாய் தந்தையர் பெயரால் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கன்று நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்றினால் அது ஸதகத்துல் ஜாரியா. தாய்மார்கள் பிள்ளைகளுக்கு ஒளுச் செய்யக் கற்றுக் கொடுக்கும்போது, நாயகம் (ஸல்) அவர்கள் இரு கை நிறையும் அளவு நீரில் ஒளுவை முடித்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். குழாயைத் திறந்தால் வருவது நகராட்சியின் தண்ணீர் அல்ல. மலை காத்து வைத்த அமானத்து.

வல்ல அல்லாஹ் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் உள்ளத்தை நமக்குத் தருவானாக! அதை ஏழையின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அநீதியிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.