பொட்டு வைத்த இரும்பு

ஆயுத பூஜையில் பொட்டு வைத்துக் கும்பிட்ட இரும்பைக் காயலான் கடையில் போடலாமா? கேட்டது என் அம்மா. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. எனக்கும் உள்ளூர அதே உறுத்தல்தான்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டி டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறையின் ஏர் கம்ப்ரஷர் எண்பதுகளில் அப்பா வாங்கிப் போட்டது. இரண்டு சிலிண்டர், பெல்ட்டில் ஓடுகிற ரகம், கீழே 200 லிட்டர் டேங்க். இப்போது டேங்க் நிரம்ப நேரம் பிடிக்கிறது, மோட்டார் ஓய மாட்டேன் என்கிறது, காற்றோடு எண்ணெயும் வருகிறது. கார் கதவுக்கு அடித்த பெயின்ட் காய்வதற்குள் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன. தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. புதுசு வாங்கிவிடலாம் என்கிறான் பையன். பழுது பார்த்து ஓட்டலாம் என்பது அம்மாவின் கட்சி.

நெல்லித்தோப்பிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். ஹெட்டைக் கழற்றினார். ரிங் தேய்ந்திருந்தது, வால்வு பிளேட்டில் கரி. "போர் நல்லாத்தான் இருக்கு தம்பி. ரிங்கு, வால்வு, கேஸ்கெட் மாத்துனா இன்னும் ரொம்ப நாள் ஓடும்" என்றார். பிறகு சின்னச் சுத்தியலால் டேங்கைத் தட்டிக்கொண்டே அடிப்பக்கம் போனவர், ஓசை மாறிய ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ஓர் ஈரப் புள்ளி. "மேல இருக்கறதுக்கு நான் பொறுப்பு. இதுக்கு என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது."

அடிப்பக்கம் ஏன் முதலில் போகிறது என்பதைக் கடலோர ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். புதுச்சேரிக் காற்றில் சாதாரண நாளிலேயே அதில் முக்கால் பங்கு இருக்கும். 8 கிலோ பிரஷருக்கு ஏற்றும்போது ஒன்பது கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் அடங்குகிறது. ஆறிய பிறகு அது தாங்கக்கூடியது அதே 30 கிராம்தான். மீதி, ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர், டேங்கின் அடியில் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு சாயங்காலமும் ட்ரெயின் காக்கைத் திறந்துவிட்டுத்தான் அப்பா கடையைச் சாத்துவார். இத்தனை வருஷம் அந்தத் தகடு நின்றதே அதனால்தான்.

நம் பக்கத்தில் டேங்கில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள தகடும் உள்ளே மெலிந்துதான் இருக்கும். 8 கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. உள்ளங்கை அளவு தகட்டின் மேல் அது 800 கிலோ. சந்தேகம் இருந்தால் டேங்கில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. தகடு விட்டுக்கொடுத்தாலும் கசிவோடு போய்விடும். காற்றென்றால் வெடிக்கும். டேங்கின் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கிற பையன்களுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

பாய்க்கு விஷயம் அத்துடன் முடிந்தது. எனக்கு அம்மாவின் கேள்வி பாக்கி இருந்தது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் போனேன். சிரிப்பார் என்று நினைத்தேன், உட்காரச் சொன்னார்.

"பழுதான விக்கிரகத்தை என்ன பண்றதுன்னு ஆகமத்துல தெளிவா இருக்கு. பேரு ஜீர்ணோத்தாரணம்" என்று ஆரம்பித்தார். விரலோ ஆபரணமோ போல சின்ன அங்கம் போயிருந்தால் சரி செய்யலாம். தலை, கை, கால் போலப் பெரிய அங்கம் போயிருந்தால் வைத்திருக்கக் கூடாது. புதிதாகச் செய்ய வேண்டும். பழையது கல்லானால் ஆழமான நீரில், மரமானால் நெருப்பில் சேரும், உலோகமானால் உருக்கப்படும். ஆனால் உளி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூர்த்தியில் இருக்கும் சக்தியைக் கும்பத்துக்கு மாற்ற வேண்டும். அதுதான் கலாகர்ஷணம். திருப்பணி முடியும்வரை பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதியில் பூஜை நடக்கும். பூஜை நிற்கக் கூடாது. கும்பாபிஷேகத்தன்று சக்தி புது இடத்துக்குப் போகும்.

இது ஏதோ வாய்வழிச் செய்தி இல்லை. மயமதம் என்ற சிற்ப நூலில் பழுது பார்ப்பதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அந்த நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு ப்ரூனோ தாழான்ஸ் பதிப்பிக்க, 1970-களில் அச்சிட்டது நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். செயின்ட் லூயி தெருவில் 1955-லிருந்து இருக்கிறது அந்த நிறுவனம். புதுச்சேரியில் சேர்ந்திருக்கும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று நான் பட்டறையில் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, விடை சில கிலோமீட்டர் தள்ளி ஓலையில் கிடந்திருக்கிறது.

என்னை அசைத்தது அந்த விதியில் உள்ள துணிச்சல். தெய்வமே குடியிருந்த கல்லைப் பற்றி, கால் உடைந்தால் தண்ணீரில் போடு என்று பக்தியோடு எழுதிவைத்திருக்கிறார்கள். பழசு என்பதற்காக எதையும் கழிக்கவில்லை, பழசு என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளவும் இல்லை. எந்த அங்கம் போயிற்று என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பாயின் சுத்தியலும் அதைத்தான் கேட்டது.

குருக்கள் என்னைத் திருத்தவும் செய்தார். "கோயில் மூர்த்திக்கு ஆவாகனம் நிரந்தரம். உங்க மெஷினுக்கு அன்னிக்கு ஒரு நாள்தான். மறுநாள் விஜயதசமியில யதாஸ்தானம் சொல்லி அனுப்பிச்சாச்சே! அதுல இப்ப யாரும் இல்ல." சாஸ்திரப்படி அம்மாவின் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவர் அனுப்பிச்சிருப்பார், நான் அனுப்பலையே" என்றாள். இதற்கு எந்தச் சுவடியில் பதில் தேடுவது?

இந்த ஊரில் அம்மா பக்கம் பேச வேறு பெரியவர்களும் உண்டு. பயன்படுத்தும் பொருளைப் பேணாமல் விடுவது அறியாமை என்பதை அரவிந்தர் ஆசிரமத்து ஸ்ரீ அன்னை தம் சாதகர்களுக்கு வலியுறுத்தியிருக்கிறார். ஜடப் பொருளிலும் ஒரு சைதன்யம் உண்டு என்பது அவர் பார்வை. எனக்கு அதில் சண்டையில்லை. அப்பா தினமும் திறந்த ட்ரெயின் காக் அந்தப் பேணுதல்தான். ஆனால் மெலிந்த தகட்டுக்கு மேல் காற்றை ஏற்றிக்கொண்டே இருப்பதை யாராவது பேணுதல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு: முடிவே எடுக்காமல் இருப்பது. எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம், 1870-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகரமன்றம், சிதிலமாகிக் கிடந்தது. புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் மழை பேச்சை முடித்துவைத்தது, கட்டடம் சரிந்தது. பிறகு அதே இடத்தில் அதே தோற்றத்தில் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அதே கட்டடமா அது? இடம் அதே, உருவம் அதே, செங்கல் முழுக்கப் புதுசு. வேதபுரீஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில், 1748-ல், இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்தத் துயரத்தை எழுதியிருக்கிறார். பிறகு வேறு இடத்தில் எழுந்தது, இன்றைய ஈஸ்வரன் கோயில் தெருவில். இடம் மாறியது, கட்டடம் மாறியது. ஆனாலும் அங்கே போகிறவர் எவரும் "இவர் புது வேதபுரீஸ்வரர்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டில் எது பழையதின் தொடர்ச்சி என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கோயிலைத்தான் காட்டுவேன். பாலாலயத்தில் நிற்காமல் பூஜை நடக்க வேண்டும் என்று குருக்கள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்தத் தெருவில்தான் பிடிபட்டது. நடந்துகொண்டிருப்பது எதுவோ அதுதான் அதே பொருள். கல்லும் தகடும் அதைத் தாங்குவதற்கு.

தேரின் சக்கரமா தேர், அச்சா தேர் என்று மிலிந்த மன்னனை நாகசேனர் என்ற பிக்கு மடக்கியதாகப் பௌத்தர்கள் சொல்வார்கள். தனியாக எதுவும் தேரில்லை, எல்லாம் சேர்ந்ததற்கு வழங்கும் பெயர்தான் தேர் என்று அந்தப் பேச்சு முடியும். பட்டறைக்காரனுக்கு அவ்வளவு தூரம் போக வசதியில்லை. சக்கரம் வேறு விலை, அச்சு வேறு விலை.

அதனால் இப்படி முடிவு செய்தேன். பம்ப் இருக்கட்டும்: ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் மாற்றுவது. டேங்க் போகட்டும்: சோதனைச் சான்றோடு புது டேங்க், புது சேஃப்டி வால்வு. பழுதுச் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும் என்பது பாயின் கணக்கு, தாண்டவில்லை. பையனுக்குப் பாதி ஏமாற்றம். வேலை முடியும்வரை ஒரு சின்ன கம்ப்ரஷரை வாடகைக்கு எடுத்தோம். "பாலாலயம் வந்தாச்சா?" என்று குருக்கள் ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்.

பழைய டேங்கைக் கழற்றியதும் அம்மாவை வரச் சொன்னேன். சூடம் காட்டினாள், பொட்டு வைத்தாள், பிறகு முந்தானையால் அதே பொட்டைத் துடைத்தாள். அனுப்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

காயலான் கடைக்காரர் டேங்கை முழுசாகக் கேட்டார். முழுசென்றால் நல்ல விலை, வெட்டினால் கிலோ கணக்கு. முழு டேங்க் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்: பெயின்ட் அடித்து, ஏதாவது பஞ்சர் கடை வாசலில் மறுபடி காற்று ஏறும். கழித்த மூர்த்தியை யாரும் எடுத்து வைத்து மறுபடி கும்பிடாதபடி ஆழத்தில் போடச் சொன்னவர்கள் விலை பேசவில்லை. பாய் கேஸ் கட்டரால் டேங்கை இரண்டாக வகிர்ந்தார். கடைக்காரர் தராசில் ஏற்றும்போது முணுமுணுத்தார். கிலோ விலையைத்தான் எண்ணிக் கொடுத்தார், அதிலும் துருவுக்குக் கழித்துக்கொண்டு.